விரியனும் கண்ணாடிக் குழாயும்

ரத்தம் உறைவதைப் பற்றித் தமிழில் வரும் பாடப் புத்தகங்கள் ஒரு பட்டியலோடு திருப்தி அடைந்துவிடுகின்றன. முதல் காரணி, இரண்டாம் காரணி என்று பதின்மூன்று வரை ரோம எண்களில் ஒரு வரிசை. இதில் ஆறாவது கிடையாது. ஒருகாலத்தில் இருப்பதாக நினைத்து, பிறகு அது ஐந்தாவதன் மாறுவேஷம்தான் என்று தெரிந்ததும், நாற்காலியை அப்படியே காலியாக விட்டுவிட்டார்கள். மாணவன் இதை மனப்பாடம் செய்கிறான், பரீட்சை எழுதுகிறான், மறந்துபோகிறான். இந்த எண்களுக்குப் பின்னால் ஆட்கள் இருந்தார்கள் என்பதை அவனுக்கு யாரும் சொல்வதில்லை.

இருந்தார்கள். பன்னிரண்டாவதற்கு ஹேஜ்மன் என்று பெயர். ஜான் ஹேஜ்மன், அமெரிக்காவில் ரயில்வேயில் பிரேக் பார்க்கும் தொழிலாளி. கிளீவ்லாந்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன்பு எடுத்த அவர் ரத்தம் கண்ணாடிக் குழாயில் உறைய மறுத்தது. ஆனால் அந்த மனிதருக்கு அதுவரை ரத்தப்போக்குத் தொல்லை என்று ஒன்று வந்ததே இல்லை. ராட்னாஃபும் கோலோப்பியும் 1955-ல் அவரைப் பற்றி எழுதினார்கள். அவரிடம் இல்லாத பொருளுக்கு அவர் பெயரே நிலைத்தது. ஒன்பதாவதற்குக் கிறிஸ்மஸ் காரணி என்று பெயர். பண்டிகையை வைத்து அல்ல, ஸ்டீஃபன் கிறிஸ்மஸ் என்ற சிறுவனை வைத்து. 1952 டிசம்பர் கடைசி வாரத்தில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அந்தக் கட்டுரை வந்தது ஆங்கிலேயர்களின் குறும்பு. பத்தாவதற்கு இரண்டு பேர்: ஸ்டூவர்ட், ப்ரௌவர். ஒருவர் அமெரிக்காவில், ஒருவர் இங்கிலாந்தில். 1956-லும் 1957-லும் தனித்தனியாகக் கண்டுபிடிக்கப்பட்டு, இரண்டும் ஒன்றே என்று தெரிந்த பிறகு இரண்டு நோயாளிகளின் பெயரும் ஒட்டிக்கொண்டது.

நோயாளியின் பெயரால் அறியப்படுவது ஒரு கௌரவமா என்று எனக்குத் தெரியாது. ஸ்டீஃபன் கிறிஸ்மஸ் 1993-ல் எய்ட்ஸ் நோயால் இறந்தார், சிகிச்சைக்காக ஏற்றிய ரத்தத்தின் வழியாக வந்த நோய். ஆனாலும் அந்தச் சிறுவன் விஞ்ஞானத்தில் ஒரு ஆளாக இருக்கிறான். இந்த நினைப்போடுதான் நான் பத்தாவது காரணியின் கதைக்கு வருகிறேன். ஏனென்றால் அந்தக் காரணியை நேரடியாகத் தொட்டு எழுப்புகிற பிராணி எங்கள் ஊர் வயலில் இருக்கிறது. அதற்கும் ஒரு ஆளின் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த ஆள் கடிபட்டவரும் அல்ல, பிடித்தவரும் அல்ல.

மேலப்பாளையம் என்றால் வெளியூர்க்காரருக்கு ஒருகாலத்துத் தறிச் சத்தம், பீடிக் கட்டு, செவ்வாய்க்கிழமைச் சந்தை. ஊர் வழியே பாளையங்கால்வாய் போகிறது. பழவூர் அணையில் தாமிரபரணியை விட்டுப் பிரிந்து வருகிற தண்ணீர். மேலநத்தம், குறிச்சி, கருப்பந்துறை என்று ஆற்றை ஒட்டிக் கிடக்கும் வயல்களில் காரும் பிசானமும் மாறிமாறி விளைகின்றன. நெல் இருந்தால் எலி இருக்கும். எலி இருந்தால் கண்ணாடி விரியன் இருக்கும். வரப்பு ஓரத்திலும் வைக்கோல் படப்பின் அடியிலும் அது அசையாமல் கிடக்கும். உடம்பில் மூன்று வரிசை வட்டங்கள், ஓரத்தில் கருப்புக் கரை கட்டி, உள்ளே மினுங்கும். கண்ணாடி என்ற பெயர் அதனால்தான். நாகத்தைப் போல எழுந்து நின்று நாடகம் ஆடாது. குக்கர் சீறுவதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். அறுப்புக் காலத்தில் இருட்டோடு வெறுங்காலில் வயலில் இறங்குகிறவர்களுக்கு அந்தச் சத்தமும் பல சமயம் காதில் விழுவதில்லை.

கடித்த பிறகு ரத்தத்துக்கு என்ன ஆகிறது என்பது விசித்திரம். கடிவாயிலிருந்து கசிவது நிற்காது. ஈறு கசியும், சிறுநீர் சிவக்கும். ஒரு குழாயில் பிடித்து வைத்தால் ரத்தம் தண்ணீராகவே நிற்கும். பார்க்கிற எவரும் இந்த விஷம் ரத்தத்தை உறையவிடாமல் தடுக்கிறது என்றுதான் சொல்வார்கள். உண்மை நேர் எதிரானது. இந்த எதிர்நிலை புலப்பட இருநூறு வருஷம் ஆயிற்று. அந்த இருநூறு வருஷத்தில் பாதி நம் மண்ணில் நடந்தது.

பாட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர் 1781-ல் விசாகப்பட்டினத்துக்கு வந்து சேர்ந்தார். தம்பி கிளாட் அங்கே கம்பெனி அதிகாரி. தரங்கம்பாடியோடு தொடர்புள்ள தாவரவியலாளர் கோனிக் 1785-ல் இறந்ததும், கர்நாடகப் பகுதியின் இயற்கையாளர் என்ற கம்பெனி உத்தியோகம் ரஸ்ஸலுக்கு வந்தது. செடிகளைப் பார்க்கச் சொன்னார்கள். மனிதர் பாம்புகளையும் பார்த்தார். கோழிகளையும் நாய்களையும் கடிக்கவிட்டு, எத்தனை நிமிஷத்தில் என்ன ஆயிற்று என்று எழுதிவைத்தார். 1796-ல் சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றிய அவர் புத்தகம் கம்பெனியின் ஆதரவில் லண்டனில் வெளிவந்தது. அதில் இந்த விரியனை 'கட்டுக ரேகுல பொட' என்று, தெலுங்குக்காரர்கள் சொன்ன பெயரிலேயே குறித்திருக்கிறார். மறு வருஷமே, 1797-ல், இங்கிலாந்தில் இருந்த ஷாவும் நாட்டரும் அதற்கு ரஸ்ஸலின் பெயரைச் சூட்டினார்கள். அவர் தன் பெயரை அதற்கு வைக்கவில்லை என்பதை அவருக்காகச் சொல்லியாக வேண்டும்.

அந்தப் புத்தகத்தில் தமிழனுக்கு அக்கறையான இன்னொரு விஷயம் இருக்கிறது: தஞ்சாவூர் மாத்திரை. பாம்புக்கடிக்குக் கைகண்ட மருந்து என்று அந்நாளில் அதற்குப் பெரிய பேர். கம்பெனி அதிகாரிகளே அதை நம்பினார்கள். ரஸ்ஸல் அதைத் தருவித்துக் கடிபட்ட பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதன் சரக்குகளில் முக்கியமானது பாஷாணம், அதாவது ஆர்சனிக். அவருடைய பரிசோதனையில் அதன் பேருக்கு ஏற்ற பலன் தெரியவில்லை. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. நம்மிடையே இரண்டு கட்சிகள் இருக்கின்றன. ஒரு கட்சிக்கு எல்லாம் ஏட்டில் ஏற்கனவே இருக்கிறது. வெள்ளைக்காரன் திருடிக்கொண்டு போனான். மறு கட்சிக்கு இங்கே ஒன்றுமே நடக்கவில்லை. எல்லாம் கப்பலில் வந்து இறங்கியது. இரண்டும் சோம்பேறிகளின் சௌகரியங்கள். ஒரு மாத்திரையை உண்மையிலேயே கொடுத்துப் பார்த்து, கோழி செத்ததா பிழைத்ததா என்று எண்ணியவர் ஒருவர் இருந்தார். அந்த எண்ணிக்கை நடந்தது இந்தக் கரையில். அவருக்குப் பாம்பைப் பிடித்துக்கொண்டுவந்து கொடுத்தவர்களும் இந்தக் கரைக்காரர்கள். ஏட்டுக் கட்சிக்காரனுக்கு மாத்திரை வேண்டும், எண்ணிக்கை வேண்டாம். கப்பல் கட்சிக்காரனுக்கு எண்ணிக்கை வேண்டும், பாம்பு பிடித்தவன் வேண்டாம்.

ரஸ்ஸலுக்குப் பதினைந்து வருஷம் முந்தியே, இத்தாலியில் ஃபெலீஸ் ஃபொன்டானா ஐரோப்பிய விரியனின் விஷத்தை நேரே ரத்தக் குழாயில் செலுத்தி, பிராணி உடனே செத்ததையும் உள்ளே ரத்தம் கட்டியாகிக் கிடந்ததையும் 1781-ல் எழுதிவிட்டார். பிறகு கல்கத்தாவில் ஜோசப் ஃபேரர். 1872-ல் இந்தியாவின் விஷப் பாம்புகள் பற்றி அவர் வெளியிட்ட பிரம்மாண்டமான புத்தகத்தின் வர்ணச் சித்திரங்களுக்கு இன்றும் ஏலத்தில் கிராக்கி. விரியன் கடித்துச் செத்த பிராணியின் ரத்தம் உறையாமல் திரவமாகவே நிற்கிறது என்று அவர் கண்டார். ஒருவர் கட்டி என்கிறார், ஒருவர் தண்ணீர் என்கிறார். ஒரே குடும்பத்துப் பாம்பு. யார் சொல்வது சரி?

இருவரும் சரி. ஆஸ்திரேலியாவில் சி. ஜே. மார்ட்டின் கரும்பாம்பின் விஷத்தைக் கொண்டும், பம்பாய் பரேலில் ஜார்ஜ் லாம்ப் நம் கண்ணாடி விரியனின் விஷத்தைக் கொண்டும் அதைக் காட்டினார்கள். லாம்ப் ராணுவ வைத்தியர். அவர் வேலை பார்த்த பிளேக் ஆராய்ச்சிக் கூடம்தான் பிற்பாடு ஹாஃப்கின் இன்ஸ்டிட்யூட் ஆயிற்று. அவருடைய கட்டுரைகள் 1901-லிருந்து வந்தன. விஷம் மிகுதியாக, ஒரே வீச்சில் போனால் குழாய்க்குள்ளேயே ரத்தம் இறுகிவிடுகிறது. கொஞ்சமாக, மெதுவாகப் போனால் ரத்தம் உறையும் சக்தியையே இழந்துவிடுகிறது. இதைவிட நடைமுறைக்கு முக்கியமான ஒன்றையும் அவர் நிறுவினார். கால்மெட் நாகத்தின் விஷத்துக்காகத் தயாரித்த சீரம் விரியன் கடிக்குப் பயன்படாது. பாம்புக்குப் பாம்பு மருந்து வேறு. இந்தப் பாடத்தை நாம் முழுதாகப் படித்துவிட்டோமா என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இனி லண்டன். 1934. செயின்ட் பார்த்தலோமியூ ஆஸ்பத்திரியில் ஆர். ஜி. மாக்ஃபர்லேன் என்ற இளம் வைத்தியர் ரத்தம் உறையாத பரம்பரை நோயாளிகளோடு மல்லாடிக்கொண்டிருந்தார். ஒரு பல் பிடுங்கினால் உயிர் போகும் நிலை. மிருகக்காட்சிசாலையின் ஊர்வன பகுதிப் பொறுப்பாளர் பர்ஜெஸ் பார்னெட் அவருக்குப் பலவகைப் பாம்புகளின் விஷத்தை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றாக நோயாளியின் ரத்தத்தில் விட்டுப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் வேகமானது கண்ணாடி விரியனின் விஷம். பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் கரைத்த பிறகும் உறையாத ரத்தத்தைச் சில வினாடிகளில் உறைய வைத்தது. அதைப் பஞ்சில் நனைத்துப் பல் பிடுங்கிய குழியில் வைத்தார்கள், ரத்தம் நின்றது. பரோஸ் வெல்கம் கம்பெனி அதை 'ஸ்டிப்வென்' என்ற பெயரில் விற்றது. மேலநத்தம் வயலில் ஈறு கசியச் செய்கிற அதே விஷம், லண்டனில் ஈறு கசிவதை நிறுத்தியது.

மாக்ஃபர்லேன் பிறகு ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார். முன்னே சொன்ன கிறிஸ்மஸ் கட்டுரை அங்கே பிறந்ததுதான். 1964-ல் நேச்சர் பத்திரிகையில் ரத்தம் உறைவதற்கு ஒரு முழுச் சித்திரம் கொடுத்தார். அதே வருஷம் அமெரிக்காவில் டேவியும் ராட்னாஃபும் அதே சித்திரத்தை வேறு பெயரில் வெளியிட்டார்கள். அவர்கள் வைத்த பெயர் அருவி. மேலே ஒரு காரணி விழிக்கிறது, அது அடுத்ததை எழுப்புகிறது, அது அதற்கடுத்ததை. பாபநாசத்துக்காரருக்கு அருவி என்ற உவமை போதும். கால்வாய்க்கரையில் குடியிருக்கிற எனக்கு மடை என்று சொன்னால்தான் சரியாகப் படுகிறது. ஒரு மடையைத் திறந்தால் அந்தத் தண்ணீரே அடுத்த மடையைத் திறந்துவிடுகிற ஏற்பாடு. ஒரு வித்தியாசம்: நம் கால்வாயில் தலைமடையில் வெள்ளம், கடைமடையில் துளி. ரத்தத்தில் தலைமடையில் துளி, கடைமடையில் வெள்ளம். ஒவ்வொரு படியிலும் பெருகும். பத்தாவது மடை முக்கியமானது; இரண்டு வழியாக வரும் வாய்க்கால்கள் அங்கேதான் கூடுகின்றன. அதைத் தாண்டினால் த்ராம்பின், அதைத் தாண்டினால் ஃபைப்ரின். ஃபைப்ரின் நூல். ரத்தத்தில் கரைந்து கிடக்கும் ஃபைப்ரினோஜன் என்ற பஞ்சு நூலாகி, குறுக்கும் நெடுக்கும் ஓடி வலையாகிறது. தறி ஓடிய ஊரில் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

விரியனின் விஷத்தில் உள்ள ஒரு புரதம் தலைமடைகளைச் சட்டைசெய்வதில்லை. நேரே பத்தாவது மடைக்குப் போய் அதை உடைக்கிறது. இன்னொன்று ஐந்தாவதைத் தொடுகிறது. உடம்பு முழுக்க, காயமே இல்லாத இடத்தில், ரத்தம் நூல் நூற்கத் தொடங்கிவிடுகிறது. இங்கேதான் கரைதலின் கதை வந்து சேர்கிறது.

ரத்தம் உறைவதை மட்டுமே மனிதன் வெகுகாலம் பார்த்தான். சந்தை நாளில் வெட்டுகிற இடத்தில் ஓடும் ரத்தம் சற்று நேரத்தில் கூழாகிப்போவது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். அது பிறகு கரைவதை யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆனால் உடம்புக்குள் ஒவ்வொரு கட்டியும் கரைவதற்காகவே கட்டப்படுகிறது. வலை பின்னும்போதே பிளாஸ்மினோஜன் என்ற பொருள் அதன் கண்ணிகளுக்குள் சிக்கிக்கொள்கிறது. உரிய வேளையில் யாராவது அதை எழுப்பினால், அது பிளாஸ்மினாக மாறி உள்ளிருந்தே நூலை அறுக்கிறது. 1933-ல் டில்லெட்டும் கார்னரும் தொண்டைப் புண்ணுக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி மனித ரத்தக் கட்டியைக் கரைப்பதைக் கண்டார்கள். கிருமி தானாகக் கரைக்கவில்லை, நம் உடம்பின் பிளாஸ்மினோஜனை எழுப்பிவிடுகிறது என்பது 1945-ல் தெளிவாயிற்று. அந்தப் பொருள்தான் ஸ்ட்ரெப்டோகைனேஸ். மாரடைப்பில் அதை நரம்பு வழி ஏற்றினால் உயிர் பிழைக்கிறது என்று தயக்கமின்றிச் சொல்ல இன்னும் நாற்பது வருஷம் ஆயிற்று: 1986-ல் இத்தாலியில் பதினோராயிரம் பேருக்கு மேல் வைத்து நடந்த பரிசோதனை, 1988-ல் பல நாடுகளில் 17,187 பேரை வைத்து நடந்தது. மாரடைப்புச் சரித்திரம் நிறையப் பேர் எழுதியது, அதை விட்டுவிடுகிறேன்.

விரியன் கடித்தவரிடம் நடப்பது இதுதான். விஷம் மடையை உடைக்கிறது, நூல் நூற்கப்படுகிறது, பிளாஸ்மின் அதை உடனுக்குடன் அறுக்கிறது, மறுபடி நூல், மறுபடி அறுப்பு. சில மணி நேரத்தில் பஞ்சு தீர்ந்துபோகிறது. உறைய ஒன்றும் மிச்சமில்லை. உறைந்து உறைந்துதான் அந்த ரத்தம் தண்ணீராயிற்று. அறுபடாமல் தப்பிய துணுக்குகள் சிறுநீரகத்தின் மெல்லிய குழாய்களை அடைக்கும். விரியன் கடித்தவர்கள் பலர் ரத்தப்போக்கில் சாகாமல், நாலைந்து நாள் கழித்துச் சிறுநீர் நின்று சாவதற்கு அதுவும் ஒரு காரணம். ஃபொன்டானா பார்த்தது முதல் அங்கம், ஃபேரர் பார்த்தது கடைசி அங்கம். நாடகம் ஒன்றுதான்.

இந்தக் கதையில் தமிழர்கள் இன்னொரு இடத்தில் வருகிறார்கள். பினாங்கு ஆஸ்பத்திரியில் வைத்தியராக இருந்த அலிஸ்டர் ரீட், மலாயாவின் வடமேற்கில் பாம்பு கடித்தவர்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார். அங்கே கடிப்பது வேறொரு விரியன், ரப்பர்த் தோட்டங்களின் சருகில் கிடப்பது. விடியுமுன் பால்மரம் வெட்டப் போகிறவர்களின் கால்களுக்கும் அதற்கும் அன்றாடத் தொடர்பு. அந்தத் தோட்டங்களில் மரம் வெட்டியவர்களில் பெரும் பகுதியினர் இங்கிருந்து போன குடும்பங்கள். ரீட் கண்டது இது: கடிபட்டவரின் ரத்தம் நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில், உறையாமலே இருக்கிறது, ஆனாலும் பெரும்பாலோர் பெரிய ரத்தப்போக்கு இல்லாமல் எழுந்து நடமாடுகிறார்கள். 1963-ல் இதை லான்செட்டில் எழுதினார். அந்த விஷம் பஞ்சை மட்டும் மெல்ல மெல்லத் தீர்த்துவிடுகிறது, மற்ற காரணிகளைத் தொடுவதில்லை. அப்படியானால் கட்டி அடைத்துச் சாகிறவர்களுக்கு இதையே மருந்தாக்கலாமே? 1967-ல் எஸ்னூஃபும் டன்னாவும் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அன்க்ராட் என்றும், வியாபாரப் பெயரில் ஆர்வின் என்றும் மருந்துக் கடைக்கு வந்தது. பக்கவாதத்துக்கு உதவும் என்று வெகுகாலம் நம்பினார்கள். 2006-ல் வெளியான ஐரோப்பியப் பரிசோதனை அந்த நம்பிக்கையைக் குலைத்தது. மருந்து தோற்றது பெரிய விஷயமல்ல, மருந்துகள் தோற்கும். என் மனசில் நிற்பது, ரத்தம் உறையாமல் பினாங்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, வீட்டுக்கு எப்போது போகலாம் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கக்கூடிய தோட்டக்காரர்கள். ஹேஜ்மனிடமிருந்து ராட்னாஃப் கற்றுக்கொண்டதைப் போலவே அவர்களிடமிருந்து ரீட் கற்றுக்கொண்டார். அவர்கள் மருத்துவக் கட்டுரையில் ஒரு தொகை.

இதே கணக்கில் நம் தேரிக்காட்டுச் சுருட்டை விரியனையும் சேர்க்க வேண்டும். சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்துச் செம்மணலில் ஒரு சாண் நீளத்துக்குச் சுருண்டு கிடந்து, செதிலோடு செதில் உரசி ரம்பம் அறுக்கும் ஓசை எழுப்புமே, அது. அதன் இனத்து விஷத்திலிருந்து எக்கிஸ்டாட்டின் என்ற சிறு புரதத்தை மெர்க் கம்பெனி ஆராய்ச்சியாளர்கள் பிரித்து 1988-ல் எழுதினார்கள். ரத்தத் தட்டணுக்கள் ஒன்றையொன்று கைபிடித்துக்கொள்வதை அது தடுக்கிறது. அதன் சாயலில் ரசாயனக்கூடத்தில் செய்த டிரோஃபிபன் 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதயக் குழாய் அடைப்புக்குக் கொடுக்கிறார்கள்.

இப்போது கண்ணாடிக் குழாய். விரியன் கடித்து வருகிறவருக்கு முதலில் செய்ய வேண்டிய பரிசோதனைக்கு எந்த யந்திரமும் வேண்டாம். புதிய, சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம். இருபது நிமிஷம் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு ஒரே தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் சரி. வழிந்தால் விஷம் வேலைசெய்துவிட்டது, மருந்து ஏற்ற வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பச் செய்ய வேண்டும், ஏனெனில் விஷம் முறிந்த பிறகு ஈரல் புதிதாகப் பஞ்சு தயாரிக்க அவ்வளவு நேரமாவது பிடிக்கும். குழாய் பிளாஸ்டிக்காக இருந்தால் நல்ல ரத்தமும் உறையாமல் நின்று ஏமாற்றும். சோப்புப்பொடி போட்டுக் கழுவிய கண்ணாடியும் ஏமாற்றும். காரணம், கண்ணாடியின் பரப்புதான் பன்னிரண்டாவது காரணியைத் தொட்டு எழுப்புகிறது. ஹேஜ்மனிடம் இல்லாதது அதுதான். கண்ணாடிக்கு வெளியே, உடம்புக்குள், ரத்தத்தை நிறுத்த அந்தக் காரணி தேவையே இல்லை. அதனால்தான் அவருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. அவர் 1968-ல் இறந்தார். ரயிலில் வேலை பார்க்கும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, படுக்கையில் கிடந்த நாட்களில் ஒரு ரத்தக் கட்டி நுரையீரலில் போய் அடைத்துக்கொண்டது. கண்ணாடியில் உறையாத ரத்தம் அவருக்குள் உறைந்து அவரைக் கொன்றது.

கண்ணாடி காட்டுவதும் உடம்பில் நடப்பதும் முரண்படும் இன்னொரு இடத்துக்கும் நம் விரியனே சாட்சி. சில பெண்களுக்குக் கரு தரித்து தரித்துக் கலைகிறது. சிலருக்கு இளவயதிலேயே கால் நரம்பில் ரத்தம் கட்டிக்கொள்கிறது. அவர்கள் ரத்தத்தைக் குழாயில் எடுத்தால் உறைய அதிக நேரம் பிடிக்கும். உடம்பிலோ தேவைக்கு மேல் உறைகிறது. இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க, மிக நீர்த்த கண்ணாடி விரியன் விஷத்தை ரத்தத் தெளிவில் விட்டு வினாடிகளை எண்ணும் பரிசோதனை ஒன்றை 1986-ல் தியாகராஜன், பெங்கோ, ஷபிரோ மூவரும் எழுதினார்கள். முதல் பெயர் நம் காதுக்குப் பழகியது. உலகத்து ஆய்வகங்களில் இன்றும் அது வழக்கில் இருக்கிறது. பரிசோதனையின் பெயரில் ரஸ்ஸல் இருக்கிறார். அவர் இறந்தது 1805-ல்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்துச் செத்தவர்கள் பன்னிரண்டு லட்சம் என்று 2020-ல் வெளியான ஒரு கணக்கு சொல்கிறது. வருஷத்துக்குச் சராசரி 58,000. பெரும்பாலோர் கிராமத்தார், பெரும்பாலோர் ஆஸ்பத்திரியை எட்டாதவர்கள். உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2017-ல்தான். ஹேஜ்மன் ஒருவருக்காக ஒரு காரணி தேடப்பட்ட அறுபது வருஷத்துக்குப் பிறகு. இதை ஒப்பாரியாகச் சொல்லவில்லை. ரத்தம் எப்படி உறைகிறது என்ற அறிவு எந்த வரிசையில் சேர்ந்தது, யாரிடமிருந்து வாங்கி யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று கேட்கிறேன். பத்தாவது மடையைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்தது விரியனால். விரியன் கிடைத்தது அதைப் பிடிக்கத் தெரிந்தவர்களால்.

அவர்களில் நாம் பெயர் சொல்லக்கூடியவர்கள் இருளர்கள். ஒருகாலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தது, பாம்புத்தோல் ஏற்றுமதியும் தடையாயிற்று, பிழைப்பு போயிற்று. 1978-ல் ரோமுலஸ் விட்டேகர் உடனிருக்க, இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷமும் அங்கே எடுக்கப்படுகிறது. இந்தியாவில் விஷமுறிவு மருந்து தயாரிக்கும் கம்பெனிகளுக்குப் போகும் விஷத்தில் பெரும்பகுதி இவர்கள் எடுத்தது. குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து மருந்து பிரிக்கிறார்கள். ஆனால் செங்கல்பட்டுப் பக்கத்து விரியனின் விஷமும் ராஜஸ்தானத்து அல்லது வங்காளத்துப் பாம்பின் விஷமும் ஒன்றல்ல. ஒரு வட்டாரத்து விஷத்தில் செய்த மருந்து மற்ற வட்டாரங்களில் ஒரே அளவு வேலை செய்வதில்லை என்று சமீப வருஷங்களின் ஆய்வுகள் காட்டுகின்றன. பாம்புக்குப் பாம்பு மருந்து வேறு என்று லாம்ப் சொன்னாரே, அந்தப் பாடத்தின் அடுத்த வரி இது: ஊருக்கு ஊர் விஷமும் வேறு. தாமிரபரணிக் கரை விரியன் இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பத்திரிகைகள் ஒருநாள் படம் போட்டன. பட்டம் கிடைத்ததைவிட, பாம்பைப் பற்றிய ஒரு அரசாங்க ஏட்டில் பிடித்தவன் பெயர் முழுசாக எழுதப்பட்டதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வடநெம்மேலியில் பாம்புகளை மண்பானையில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைக்கிறார்கள். சுமார் மூன்று நான்கு வாரம் இருக்கும். வாரத்துக்கு ஒரு தடவை தலையைப் பிடித்து, கண்ணாடிப் பாத்திரத்தின் மேல் கட்டிய தோலைக் கடிக்கவிடுவார்கள். மஞ்சளாகச் சில சொட்டு இறங்கும். பிறகு காட்டில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். விடுமுன் வயிற்றுச் செதிலில் சிறிதாக வெட்டி ஒரு அடையாளம் வைப்பார்கள், அதே பாம்பை உடனே மறுபடி பிடித்துவிடாமல் இருக்க. சில தடவை தோல் உரித்த பிறகு அந்த அடையாளம் மறைந்துபோகும்.